துக்கத்தை ஒட்டியே வரும் கொண்டாட்டம்

இஸ்ரேலில் நினைவு நாளன்று சைரன் ஒலிக்கும் காணொளியை நேற்று ராத்திரி மறுபடியும் பார்த்தேன். காலை 11 மணி, நெடுஞ்சாலையில் பறந்துகொண்டிருந்த கார்கள் எல்லாம் அப்படியே நிற்கின்றன, ஓட்டியவர்கள் இறங்கி, திறந்த கதவுக்குப் பக்கத்தில் தலை குனிந்து இரண்டு நிமிடம் நிற்கிறார்கள். ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

யோம் ஹசிக்கரோன், போர்களிலும் தாக்குதல்களிலும் இறந்தவர்களை நினைக்கும் நாள். யூதர்களுக்கு நாள் என்பது சூரியன் மறையும்போது தொடங்குவது, அதனால் முந்தின இரவு 8 மணிக்கே ஒரு நிமிடச் சைரனோடு ஆரம்பித்துவிடும். என்னை உலுக்குவது அது முடியும் விதம். மறுநாள் இரவு ஜெருசலேமில் ஹெர்சல் மலையில், அரைக்கம்பத்தில் கிடந்த கொடியை உச்சிக்கு ஏற்றுகிறார்கள், 12 தீப்பந்தங்கள் ஏற்றுகிறார்கள், அவ்வளவுதான், சுதந்திர தினம் வந்துவிட்டது, தெருவெல்லாம் பாட்டும் ஆட்டமும்.

காலையில் மகன் கல்லறையில் நின்ற அம்மா அந்தப் பாட்டுச் சத்தத்தை எப்படித் தாங்குவாள்? இரண்டு நாட்களையும் பிரித்து வையுங்கள் என்று அங்கேயே சில குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. நியாயம்தான். ஆனாலும் 1948 மே 14 அன்று நாடு பிறந்ததாக அறிவித்த மறுநாளே அண்டை நாட்டுப் படைகள் உள்ளே வந்துவிட்டன, பிறப்பையும் போரையும் பிரித்துப் பார்க்க அந்த நாட்டால் முடியாததும் எனக்குப் புரிகிறது. (அதே 1948 பாலஸ்தீனர்களுக்கு நக்பா, வீடிழந்த ஆண்டு, அதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

அப்புறம், இறந்தவர்களுக்காக முந்தின இரவே வீடுகளில் ஏற்றும் நினைவு மெழுகுவர்த்தி. ஒரு நாள் முழுக்க எரியும். கொடி ஏறும் நேரத்தில் பல வீடுகளில் அது இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கும்.