கலை வரலாறு படிக்கப் போகிறவர்களுக்கு, திருவொற்றியூரிலிருந்து

எம்.ஏ.வில் கலை வரலாறு எடுத்தால் வேலை கிடைக்குமா என்று எங்கள் பகுதிப் பிள்ளைகள் கேட்டால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான். பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி படித்தாயா?

காரணம் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் வேலைக்கான யுஜிசி நெட் தகுதித் தேர்வில் கலை வரலாறு காட்சிக்கலைத் தாளில் வருகிறது. அருங்காட்சியகவியலும் பாதுகாப்பும், அதாவது பழம்பொருள்களைக் கெடாமல் காப்பது, இன்னொரு தாள். வெண்கலச் சிலை எந்தக் காலத்துப் பாணி என்று சொல்பவரும், அதில் பச்சைப் பொடி ஏன் பூக்கிறது என்று தெரிந்தவரும் பல நேரம் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே இல்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

இங்கேயே பாருங்கள். திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரர் கருவறை தூங்கானை மாட வடிவம் (படுத்த யானையின் முதுகுபோல் பின்பக்கம் வளைந்தது), முதலாம் ராஜேந்திரன் காலத்தில் ரவி என்கிற வீரசோழத் தச்சன் கல்லில் கட்டியதாகக் கல்வெட்டு சொல்கிறது. கட்டியவன் பெயரே கிடைப்பது எவ்வளவு அபூர்வம்! அதைப் படிக்க வரலாறு போதும், ஆனால் கடல் காற்றில் அந்த எழுத்து நாளைக்கும் நிற்க வேண்டுமென்றால் உப்பைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய சுண்ணாம்புக் காரை வீடுகளில் சிமெண்ட் பூசியிருப்பார்கள். தட்டிப் பாருங்கள், பொள்ளலாகச் சத்தம் வரும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அப்படி விடாது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரத்திலிருக்கும் உப்பு காயும்போது படிகமாகிச் செங்கல்லை உடைக்கும். நகத்தால் சுரண்டினாலே சிவப்புப் பொடி கொட்டும். பூச்சு மட்டும் பத்திரமாக நிற்கும்! நல்ல எண்ணத்தில் செய்த ரிப்பேர்தான், அதுதான் வேதனை.

வரலாறு, வேதியியல் இரண்டையும் ஒரே ஆள் செய்யலாம் என்பதற்கு நம் ஊரிலேயே முன்னோடி உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கியபோது அதைக் கவனித்த எஸ். பரமசிவன், மண்ணிலிருந்து வந்த வெண்கலச் சிலைகளை மின்பகுப்பு முறையில், அதாவது கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தி, சுத்தம் செய்தார். தஞ்சைப் பெரிய கோயில் சோழர் ஓவியங்களின் பூச்சையும் வண்ணத்தையும் ஆராய்ந்து எழுதியவரும் அவரே.

சரி, வேலை? உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் வேண்டும், இல்லையென்றால் முனைவர் பட்டம். இடங்கள் குறைவு, காத்திருக்க வேண்டிவரும். அதனால் இரண்டும் தெரிந்திருப்பது நல்லது. பிஎஸ்சி வேதியியல் முடித்த பிள்ளைகள் பயப்படாமல் இந்தப் பக்கம் வாருங்கள். வரலாறு படித்தவர்கள் லீவில் ஒரு கொத்தனாரிடம் போய்க் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு குழைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அந்தக் கை தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், இப்போதே போங்கள்.