அண்ணா கொண்டுவந்த கூரைத்துண்டு

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வந்த அண்ணா பெட்டியைத் திறந்ததும், சொக்லேட்டுக்கு முன்னால் வெளியே வந்தது ஒரு கூரைத்துண்டு; ஓட்டுக்குப் பதிலாக அங்கே கூரையில் ஆணியடித்துப் போடும் 'ஷிங்கிள்'. "திருகோணமலை உப்புவெளி வீட்டுக்கும் இந்த ஷிங்கிளையே போட்டுவிடலாம், தங்கச்சி" என்றார். ஒரு மீற்றர் நீளத் துண்டு பெட்டிக்குள் அடங்காததால் குறுக்கே இரண்டாக வெட்டியிருந்தார்.

எல்லாம் குரங்குகளால் வந்தது. மாதம் தவறாமல் எங்கள் ஓடுகளை உடைக்கின்றன. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய்ப் பக்கம் கரையேறியபோதுகூட முகட்டில் இரண்டு ஓடுகள்தான் நழுவின.

துண்டை மடியில் வைத்துப் பார்த்தேன். மேலே முழுக்கச் சிறு கல்மணிகள். நகத்தால் சுரண்டினால் உள்ளங்கையில் உதிர்கின்றன. உள்ளே கண்ணாடியிழை விரிப்பு, அதைச் சுற்றித் தார். சாதாரண ஷிங்கிள் ஒற்றைப் படை. இந்த 'ஆர்க்கிடெக்சரல்' வகையில் பல்லுப் பல்லாக வெட்டிய இன்னொரு படையையும் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். தடிப்பும் நிழலும் அதனால்தான். பின்பக்கத்துப் பிளாஸ்டிக் நாடாவை உரிக்கப் போனேன். அண்ணா சிரித்தார். கட்டுக்குள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத்தான் அது, உரிக்கத் தேவையில்லையாம்.

ஆணி அடித்த பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது, அதை வெயில் பார்த்துக்கொள்கிறது. துண்டிலுள்ள பசைவரி சூட்டில் இளகி, மேல்வரிசையைக் கீழ்வரிசையோடு பிடித்துக்கொள்ளும். கனடாவில் குளிர்காலத்தில் போட்டால் வெப்பம் திரும்பும்வரை ஒட்டாமலே கிடக்குமாம். இரண்டு பாதிகளையும் கூரையில் கிடப்பதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிணற்றுக்கட்டில் வைத்தேன். கச்சான் காற்று வீசும் ஆவணி வெயில். பின்னேரம் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அண்ணாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மறுநாள் வந்த தச்சர் கேட்டது ஒன்றுதான்: "இதற்குக் கீழே என்ன போடுவது, அக்கா?"

ஓடு, கூரையில் குறுக்கே அடித்த மரச் சிலாகையில் தொங்கிக்கொள்ளும். ஷிங்கிளுக்குக் கூரை முழுக்கப் பலகை வேண்டும், அதன்மேல் நீர் புகாத விரிப்பு வேண்டும். ஓட்டு இடுக்குகளால் போகும் சூட்டுக்கும் வேறு வழி வைக்க வேண்டும். பிளைவூட் விலையைக் கூட்டிப் பார்த்த அண்ணா, அதன் பிறகு கூரையைப் பற்றிப் பேசவில்லை. எனக்கோ வேறு கவலை. ஓடு உடைந்தால் கிணற்றடியில் அடுக்கியிருக்கும் பழைய ஓடுகளில் ஒன்றைத் தச்சர் செருகிவிடுவார். ஷிங்கிள் ஒன்று கிழிந்தால் ஸ்காபரோவுக்கு அல்லவா சொல்லியனுப்ப வேண்டும்?

ஒட்டிப்போன அந்தத் துண்டு இப்போது கோழிக்கூட்டின் மேல் இருக்கிறது. காலையில் ஒரு தாட்டான் குரங்கு அதில் உட்கார்ந்து கல்மணிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி, மணந்து பார்த்துவிட்டு எறிந்துகொண்டிருந்தது.