டிரை க்ரீக் போறோம்

ஆகஸ்ட் 24, ஞாயிறு

செப்டம்பர் 19 அண்ணன் அண்ணி கல்யாண நாள், வெள்ளிக்கிழமை வருது. கலிஃபோர்னியாவுல திராட்சைத் தோட்டமா இருக்கற வைன் கன்ட்ரி பக்கம் போலாம்னு அண்ணன் ஒரு வார்த்தை சொன்னதுதான், வாட்ஸ்அப் குரூப்ல ஆளாளுக்கு நாபாங்கற ஊர்ல இருக்கற வைனரி (வைன் தயாரிக்கற இடம்) பேரா போட ஆரம்பிச்சு இப்ப லிஸ்ட்ல அஞ்சு நிக்குது. அண்ணி குடிக்க மாட்டாங்க, அதனால வண்டி அவங்கதான் ஓட்டுவாங்கன்னு அவங்களைக் கேக்காமலே முடிவாயிடுச்சு. எனக்கு மனசே ஆகல. அவங்க கல்யாண நாள்ல அவங்களே டிரைவரா? பிளான் நான் போடறேன், வண்டியும் நானே ஓட்டறேன்னு சொல்லிட்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

அஞ்சு வைனரிங்கறது எவ்வளவு குடின்னு உக்காந்து கணக்குப் போட்டேன். ஒரு டேஸ்டிங்ல, அதாவது கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி ருசி பாக்கறதுல, அஞ்சு வைன், ஒவ்வொண்ணும் 60 மில்லி ஊத்தினா 300 மில்லி, அதுவே ரெண்டு கிளாஸ் ஆச்சு. அஞ்சு இடம்னா ஆளுக்கு ரெண்டு முழு பாட்டில்! போன தடவை இப்படித்தான் ஓடினோம், மூணாவது இடத்துக்கு அப்புறம் என்ன குடிச்சோம்னு யாருக்கும் ஞாபகமே இல்ல, கார்ல வெயில்ல விட்டுட்டுப் போன பாட்டில்ல கார்க் வெளிய தள்ளி வைன் கசிஞ்சு சீட்டெல்லாம் கறை. இந்தத் தடவை ஒரே ஒரு வைனரி, நடுவுல நிதானமா சாப்பாடு, அப்புறம் அண்ணிக்குன்னு ஒரு இடம். அவ்வளவுதான்.

செப்டம்பர் 1, திங்கள்

நாபா வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். நல்ல இடம்தான், 1976ல பாரிஸ்ல பாட்டிலை மறைச்சு வச்சு நடத்தின போட்டில பிரெஞ்சு வைனையே தோக்கடிச்ச ஊரு. ஆனா ஹைவே 29ல வண்டி நகராது, நிறைய வைனரில நம்ம சாப்பாட்டைப் பிரிச்சு உக்கார விடமாட்டாங்க. அதுக்குப் பதிலா நாபாவுக்கு மேற்க இருக்கற சொனோமா பக்கம் டிரை க்ரீக் வேலி. சான் பிரான்சிஸ்கோவுல இருந்து ஹைவே 101ல நேரா வடக்க ஒரு 70 மைல் போனா ஹீல்ட்ஸ்பர்க், அங்கிருந்து மேற்க திரும்பினா வந்துடும். குறுகலான பள்ளத்தாக்கு, ரெண்டு பக்கமும் மலை, ஜின்ஃபண்டல்ங்கற கருந்திராட்சைல பண்ற சிவப்பு வைன்தான் அங்க ராஜா. லேம்பர்ட் பிரிட்ஜ் ரோட்டுல ஒரு பழைய இரும்புப் பாலம், ஒரு நேரத்துல ஒரு வண்டிதான் போக முடியும், எதிர்ல வர்றவங்க போற வரைக்கும் நின்னுதான் போகணும். நாளே அந்த வேகத்துல இருக்கணும்னுதான் எனக்கு ஆசை.

செப்டம்பர் 7, ஞாயிறு

சாப்பாடு. இதுலதான் ரொம்ப நேரம் போச்சு. 1881ல இருந்து இருக்கற டிரை க்ரீக் ஜெனரல் ஸ்டோர்ல சாண்ட்விச் வாங்கிக்கலாம், அதுக்குப் பக்கத்துலயே டிரை க்ரீக் வின்யார்டுங்கற வைனரி, 1972ல ஆரம்பிச்சது, மர நிழல்ல புல்தரைல உக்காந்து சாப்பிட இடம் இருக்கு. அண்ணி எலுமிச்சை சாதம் கட்டிட்டு வரேன்னாங்க, வைனுக்கு ஒத்துப்போகுமான்னு அண்ணனுக்கு சந்தேகம். போகும். அந்த வைனரியோட ஃபியூமே பிளாங்க் (சோவின்யோன் பிளாங்க்ங்கற வெள்ளை வைன்தான், 1968ல நாபா வைன்காரர் ராபர்ட் மாண்டவி வச்ச பேரு) நல்லா புளிப்பு தூக்கலா இருக்கும், சாப்பாட்டுல இருக்கற புளிப்புக்கு வைன்லயும் அதே அளவு புளிப்பு இருந்தாத்தான் சப்புன்னு இருக்காது. ஜின்ஃபண்டல்தான் யோசிக்கணும், 15 சதவீதம் கிட்ட ஆல்கஹால், மிளகாய் மேல அது பட்டா எரிச்சல் இன்னும் ஏறும். அதனால தாளிப்புல மிளகாயைக் குறைச்சுக்கோங்க அண்ணின்னு மட்டும் கேட்டுக்கிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

டிரை க்ரீக் வின்யார்டுல 11 மணிக்கு டேஸ்டிங் புக் பண்ணியாச்சு. காலைல நாக்கு சுத்தமா இருக்கும், கூட்டமும் குறைவு. இப்ப அறுவடை நேரம், வழியெல்லாம் திராட்சை ஏத்தின லாரி போகும், புளிச்ச ஜூஸ் வாசனை காத்துலயே வரும்னு சொல்றாங்க. மத்தியானம் ஆலிவ் எண்ணெய் டேஸ்டிங் பண்ற ஒரு பண்ணைலயும் இடம் கிடைச்சுது, அது அண்ணிக்கு. இன்னும் சொல்லல.

செப்டம்பர் 18, வியாழன்

ஐஸ் பெட்டி, ஆளுக்கு ரெண்டு பாட்டில் தண்ணி, தொப்பி, போர்வை. காலைல பனி மூட்டமா குளிரும், மத்தியானம் சுள்ளுன்னு அடிக்கும், அதனால ஸ்வெட்டரும் வேணும். வாங்கற வைன் எல்லாம் ஐஸ் பெட்டிக்குள்ளதான். திறந்த பாட்டில் மிச்சமானா டிக்கிலதான் வைக்கணும், கலிஃபோர்னியா சட்டம். நான் வாயில வச்சுப் பாத்துட்டு பக்கெட்ல துப்பிடுவேன், அங்க யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, பக்கெட் வச்சிருக்கறதே அதுக்குத்தான்.

செப்டம்பர் 19, வெள்ளி, ராத்திரி

இப்பதான் வீடு வந்தோம். எழுதாம தூங்க மனசு வரல.

புல்தரைல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தோம். அண்ணன் ஃபியூமே பிளாங்க்கோட எலுமிச்சை சாதம் ரெண்டு தட்டு. யாருமே மணி பாக்கல. அப்புறம் அந்தப் பாலத்துல நின்னு நின்னு தாண்டி ஆலிவ் பண்ணைக்குப் போனோம். சின்ன நீலக் கண்ணாடிக் கிளாஸ்ல எண்ணெய் ஊத்திக் குடுத்தாங்க, நிறத்தைப் பாத்து எடை போடக்கூடாதுன்னுதான் நீலமாம். உள்ளங்கைல வச்சு சூடு பண்ணி, மேல இன்னொரு கையால மூடி, அப்புறம் மோந்து பாத்து, காத்தோட சேத்து சர்ருன்னு உறிஞ்சணும். அண்ணி உறிஞ்சினாங்க, ஒரு செகண்ட் ஒண்ணும் இல்ல, அப்புறம் தொண்டைல மிளகு கடிச்ச மாதிரி பிடிச்சு இருமினாங்க. அப்படி இருமல் வந்தாத்தான் நல்ல எண்ணெய்னு எண்ணெய் ஊத்திக் குடுத்த பொண்ணு சொல்லுது. அண்ணி கண்ணைத் துடைச்சுக்கிட்டே, "தம்பி, அந்த ரெண்டாவது கிளாஸையும் இப்படித் தள்ளுங்க"ன்னாங்க.