அத்தையின் கப்பலும் அவர் கப்பலும்

நவம்பர் 3, திங்கள்

அறுவை தேவையில்லையாம். இடுப்பெலும்பில் மயிரிழை விரிசல்தான், படுத்தே இருந்தால் கூடிவிடும், ஆறு வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். கட்டிலில் கிடத்தியதும் அத்தை கேட்ட முதல் கேள்வி: "ஆறு வாரத்துல கப்பல் எத்தனை தடவ பினாங்கு போயிட்டு வரும்?"

"ரெண்டு தடவ தாராளமா வரும்மா" என்றார் இவர். அதற்குமேல் அம்மாவும் பிள்ளையும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. வெந்நீர், வெந்நீர், வெந்நீர். இந்த சிலிண்டர் மாதக் கடைசி வரை வராது.

நவம்பர் 6, வியாழன்

ராத்திரி இரண்டு மணிக்கு "பெட்டியப் புடி, பெட்டியப் புடி" என்று ஒரே சத்தம். தகரக் கூரையில் காற்று அடித்த அடியில் அத்தைக்கு ராஜுலா கப்பல் ஞாபகம் வந்துவிட்டது. விளக்கைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, இது கோத்தகிரி, உங்கள் கட்டிலில்தான் படுத்திருக்கிறீர்கள் என்றேன். "தெரியும் போ. கட்டில்தான் ஆடுது" என்றார்.

அப்புறம் தூக்கம் போயிற்று, எனக்கும் சேர்த்து. 1953இல் பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் வந்த கதை. அத்தைக்கு அப்போது பதினோரு வயது. கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் கேட்கிற கதைதான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எதையாவது புதிதாகச் சேர்ப்பார். டெக் டிக்கெட். அறை கிடையாது, கட்டில் கிடையாது, பாய் விரித்த இடம்தான் வீடு. சுற்றிலும் தகரப் பெட்டிகளை அடுக்கி, புடவையால் மறைப்புக் கட்டி, நடுவில் பிள்ளைகள். கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டை. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தள்ளிக் கடலிலேயே நிற்கும். படகு வந்து அணைந்ததும் அலை தூக்குகிற நேரம் பார்த்து இறங்க வேண்டும். யாரோ ஒரு படகுக்காரர் அத்தையை இடுப்பைப் பிடித்து வாங்கினாராம். "இதே இடுப்புதான்" என்று தட்டிக் காட்டப் போய் வலியில் முனகினார்.

"அந்த சுகம் அப்புறம் எங்கயும் கெடைக்கல" என்றார். எனக்குப் புரியவே இல்லை. 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல் அது. கட்டிய புதிதில் ஐயாயிரம் பேருக்கு மேல் டெக்கில் ஏற்ற அனுமதி இருந்தது. அவ்வளவு கூட்டத்தில், வாந்தி நாற்றத்தில் என்ன சுகம் அத்தை என்று கேட்டேவிட்டேன்.

"எங்கம்மா உக்காந்திருந்தாங்க" என்றார்.

சோறு கப்பலிலேயே போட்டுவிடுவார்கள். தண்ணீர் தூக்க வேண்டாம், விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவப் போக வேண்டாம். ஐந்தாறு நாள் அந்தம்மா பெட்டிமேல் சாய்ந்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "அதுக்கு முன்னயும் அவங்க உக்காந்து நான் பார்த்ததில்ல, பின்னயும் பார்த்ததில்ல."

இந்தப் பகுதியை முப்பது வருஷத்தில் இன்றைக்குத்தான் சொல்கிறார்.

நவம்பர் 8, சனி

இவர் பரணிலிருந்து பழைய பையை இறக்கினார். மெனு அட்டைகள், பெயர் பொறித்த பித்தளை வில்லை, மேல்தளத்தின் ஒரு புகைப்படம். ஒன்று மட்டும் குறைகிறது. கரண்ட் குக்கர். அது கப்பலோடு போய்விட்டது.

சனிக்கிழமை என்றால் எனக்கு இன்னும் வயிற்றில் ஏதோ செய்கிறது. இவர் வேலை பார்த்த நார்வே கப்பல் அமெரிக்காவில் மயாமிக்குத் திரும்புகிற நாள். காலையில் பழைய பயணிகள் இறங்கி, சாயங்காலத்துக்குள் புதியவர்கள் ஏறுவார்கள். நடுவில் அத்தனை அறைகளையும் துடைத்து, விரிப்பு மாற்றி முடித்த பிறகு ஒரு பத்து நிமிஷம் போனுக்கு. இங்கே ராத்திரி பத்தரை மணி. எதிர்வீட்டு டீச்சரம்மா வீட்டில்தான் போன் இருந்தது. ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு அவர்கள் வீட்டு முன்னறையில் காத்திருப்பேன். டீச்சரம்மா கொட்டாவி விடுவதைப் பார்க்கக் கூசும். பத்து நிமிஷத்தில் எட்டு நிமிஷம் "கேக்குதா, கேக்குதா".

நவம்பர் 9, ஞாயிறு

குஞ்சப்பனைக்கு மேலே மண் சரிந்திருக்கிறது. வண்டிகளை ஒருபக்கமாகத்தான் விடுகிறார்கள். எக்ஸ்ரேக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதுவரை கவலையில்லை என்று எழுதிவிட்டு உட்கார்ந்து கவலைப்படுகிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

யார் கப்பல் உசத்தி என்று இன்று நேரடிச் சண்டை.

இவர் சொன்னார்: 1,035 அடி நீளம், 2004இல் குயின் மேரி 2 ஓட வரும்வரை உலகத்தில் அதைவிட நீளமான பயணிகள் கப்பல் கிடையாது. அத்தை கஞ்சியை விழுங்கிவிட்டு, "நீளம் இருந்து என்ன? நீ அதுல கக்கூஸ் கழுவின. நான் டிக்கெட் வாங்கிப் போனேன்" என்றார்.

இவருக்குச் சிரிப்பும் வந்தது, முகமும் சுருங்கியது. கொஞ்ச நேரம் ஜன்னலோரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து முதலிலிருந்து ஆரம்பித்தார். அது பிறந்தபோது பெயர் பிரான்ஸ். 1960இல் அதிபர் தெகாலின் மனைவிதான் பெயர் சூட்டிக் கடலில் இறக்கினார். அட்லாண்டிக்கை வேகமாகக் கடப்பதற்கென்று கட்டியது. எண்ணெய் விலை ஏறியது, அரசாங்கமும் பணம் தருவதை நிறுத்தியது, 1974இல் கப்பலைக் கொண்டுபோய்க் கட்டிப்போட்டார்கள். ஐந்து வருஷம் அப்படியே கிடந்தது. நார்வேக்காரர் ஒருவர் வாங்கி, நீலச்சாயம் அடித்து, கப்பலைத் தள்ளுகிற நான்கு சுழலியில் இரண்டைக் கழற்றிவிட்டுக் கரீபியனுக்கு ஓட்டினார். உல்லாசமாகச் சுற்றுகிறவர்களுக்கு வேகம் எதற்கு? உள்ளே இரண்டு பக்கமும் நீளமான நடைக்கூடம். ஒன்றுக்குப் பெயர் ஃபிஃப்த் அவென்யூ, மற்றதற்கு ஷான்ஸ் எலிசே. செயின்ட் தாமஸ் தீவில் துறையில் அடங்காது, அதனால் வெளியிலேயே நங்கூரம். முன்தளத்தில் இரண்டு பெரிய படகுகளைச் சுமந்துகொண்டே திரிந்தது, அவற்றில்தான் சனங்களைக் கரை சேர்ப்பார்கள்.

அத்தை கண்ணை மூடியிருந்தார், தூங்கிவிட்டார் என்று நினைத்தோம். "அப்ப அதுவும் நாகப்பட்டினம் மாதிரிதான்" என்றார்.

அத்தோடு சண்டை தீர்ந்தது.

நவம்பர் 13, வியாழன்

கரண்ட் இல்லை. டார்ச் பேட்டரி வாங்க வேண்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

கீழ்முதுகில் ஓர் இடம் சிவந்திருக்கிறது. அழுத்தினால் வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் ஆரம்பம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து எனக்குக் கைகால் ஓடவில்லை. தோல் உரிந்தால் ஆறுவது கஷ்டம், சர்க்கரை வேறு இருக்கிறது. இரண்டு மணிக்கொரு தடவை புரட்ட வேண்டும். ராத்திரி முதல் பாதி நான், பின்பாதி இவர் என்று பிரித்துக்கொண்டோம். ஆனால் இருவருமே முழு ராத்திரியும் விழித்திருக்கிறோம். காற்று மெத்தையின் பம்ப் கர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்தச் சத்தம் ஆகாது என்று இவர் சொன்னார். நார்வேயில் நீராவி டர்பைன் என்பதால் அதிர்வே தெரியாதாம். பயணிகள் அதைத்தான் முதலில் புகழ்வார்களாம். பாய்லர் அறைப் பையன்கள் அவ்வளவாகப் புகழ்ந்ததில்லை.

2003 மே மாதம் இவர் சைன் ஆஃப் ஆகி லீவில் இங்கே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை மயாமி துறைமுகத்தில் பாய்லர் வெடித்தது. எட்டு ஊழியர்கள் செத்தார்கள். தகவல் நமக்கு வந்தபோது இவர் கோத்தகிரி டானிங்டனில் உருளைக்கிழங்கு மூட்டை வாங்கிக்கொண்டிருந்தார். அந்த மூட்டை ஞாபகம் இருக்கிறது, மூலையில் முளைவிடும்வரை யாரும் பிரிக்கவில்லை. அதற்குப்பின் அந்தக் கப்பல் ஒரு பயணியையும் ஏற்றவில்லை. இவருடைய லீவும் முடியவே இல்லை.

அந்த எட்டுப் பேரில் எத்தனை பேரைத் தெரியும் என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. இன்று கேட்டேன். "முகம் தெரியும்" என்றார். மணி மூன்று. புரட்டினோம்.

நவம்பர் 17, திங்கள்

சிவப்பு அப்படியே இருக்கிறது. கூடவில்லை, குறையவுமில்லை.

நவம்பர் 19, புதன்

குஜராத்தில் கப்பல் உடைக்கிற கரையான ஆலங்குக்குப் போன கதையை இவர் தன் அம்மாவிடம் இன்றுதான் சொன்னார். என்னிடம் அப்போது பாவ்நகரில் ஒரு வேலை விஷயம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெடித்த கப்பலை ஜெர்மனிக்கு இழுத்தார்கள், அங்கிருந்து மலேசியாவில் போர்ட் கிளாங்குக்கு. ("சொட்டன்ஹாமா?" என்று அத்தை எழுந்திருக்கப் பார்த்தார். ஆமாம், பழைய போர்ட் சுவெட்டன்ஹாம்தான்.) கடைசியில் புளூ லேடி என்று பெயர் மாற்றி 2006இல் ஆலங் கரையில் ஏற்றிவிட்டார்கள். உள்ளே ஏகப்பட்ட ஆஸ்பெஸ்டாஸ். உச்ச நீதிமன்றம்வரை வழக்குப் போய், 2007இல்தான் உடைக்க அனுமதி கிடைத்தது. இவர் போனபோது உள்ளே விடவில்லை. சாலையோரம் வரிசையாகக் கடைகள். உடைத்த கப்பல்களின் நாற்காலி, தட்டு, சோபா, உயிர்காக்கும் மிதவை, என்ன வேண்டுமானாலும் கிடைக்கும். ஒவ்வொரு கடையிலும் கரண்ட் குக்கர் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இருந்ததாம், நிறைய. எதுவும் இவருடையதில்லை.

கப்பலின் மூக்கை மட்டும் வெட்டி எடுத்துப் பாரிஸுக்குக் கொண்டுபோய் 2009இல் ஏலம் விட்டார்கள். இப்போது அது லெ ஹாவ்ர் துறைமுகத்தில் நிற்கிறது. முழு உடம்பும் குஜராத்தில், மூக்கு பிரான்சில். இதைச் சொல்லும்போது மட்டும் இவர் குரலில் ஒரு கோபம்.

அத்தையின் ராஜுலா 1974இல் பம்பாயில் உடைபட்டது. அதற்கு முந்தைய வருஷம் கை மாறி, பெயரும் ரங்கட் என்று மாறியிருந்தது. அடுத்து அதே வழியில் ஓடிய சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. அத்தோடு சரி.

படிக்கட்டு எந்தப் பக்கம் இருந்தது என்று அத்தை காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவர் தங்கை வழுக்கி விழுந்த படிக்கட்டு. இடப்பக்கமா, வலப்பக்கமா? தங்கையும் இல்லை. பிறந்த வீட்டை இடித்துவிட்டால்கூட மனை இருக்கும், போய் நின்று, இங்கேதான் கிணறு என்று கையைக் காட்டலாம். கப்பல் போனால் நிற்பதற்கு ஓர் அடி மண்கூடக் கிடையாது. கடல் இருக்கிறது, ஆனால் கடலில் எந்த இடம்?

குயின் எலிசபெத் 2 என்ற கப்பலை உடைக்கவில்லை. 2008இல் ஓட்டத்தை நிறுத்தி, துபாயில் கட்டி, 2018இலிருந்து ஹோட்டலாக நடத்துகிறார்கள். பழைய பயணிகள் போய்த் தங்கலாம். இதை அத்தையிடம் ஆறுதலாகச் சொன்னேன்.

"நகராத கப்பலா? அது லாட்ஜு" என்றார்.

நவம்பர் 22, சனி

எனக்கு இந்தக் கப்பல் பேச்சு அலுத்துவிட்டது. இருவரும் ஏக்கப்படுகிறார்கள். மூத்தவன் பிறந்தபோது இவர் எங்கே? செயின்ட் மார்ட்டின். என் அப்பா போனபோது? எங்கோ நடுக்கடல், செய்தி போய்ச் சேர்வதற்குள் பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. ஒன்பது மாதம் கப்பல், இரண்டு மாதம் வீடு. அந்த இரண்டு மாதமும் விருந்தாளி மாதிரி துண்டை மடித்து அன்னம் செய்து கட்டிலில் வைப்பார். பிள்ளைகள் கைதட்டும். எனக்கு அந்த அன்னத்தைப் பிரித்து முகம் துடைக்க வேண்டும்போல் இருக்கும்.

அந்தக் கப்பல் உடைந்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை என்று இன்று வாய்விட்டே சொன்னேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை. அத்தைதான், "நியாயம்" என்றார்.

நவம்பர் 23, ஞாயிறு

சிவப்பு மங்குகிறது! இரண்டு தடவை டார்ச் அடித்துப் பார்த்தேன். மங்கித்தான் இருக்கிறது. வர்க்கி வாங்கி வரச் சொல்லி மூவரும் டீயில் தோய்த்துச் சாப்பிட்டோம். அத்தைக்குச் சர்க்கரை இல்லாமல்.

நவம்பர் 25, செவ்வாய்

வெயில். துணிகள் ஒருவழியாகக் காய்ந்தன.

கோபம் தணிந்திருப்பதைப் பார்த்து இவர் மெதுவாக ஓர் அமெரிக்க அம்மாவைப் பற்றிச் சொன்னார். வருஷம் தவறாமல் வந்து அதே அறையைக் கேட்கிறவர். கப்பல் நின்ற பிறகும் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும், அது எனக்கும் தெரியும். புதுக் கப்பல்களில் போய்ப் பார்த்தேன், மால் மிதக்கிறது, கப்பலில் இருக்கிற நினைப்பே வரவில்லை என்று எழுதுவார். 2020இல் தொற்று வந்து கப்பல்கள் எல்லாம் நின்றபோது, கார்னிவல் ஃபேண்டஸி, சவரின் என்று அவர் போயிருந்த மற்றக் கப்பல்களையும் துருக்கியில் அலியாகா கரையில் ஏற்றி உடைத்தார்கள். அந்த வருஷ அட்டையில் வாழ்த்தைவிடக் கப்பல் பெயர்கள்தான் அதிகம். நார்வேயின் வாசனை வேறு எந்தக் கப்பலிலும் இல்லை என்று ஒருமுறை எழுதியிருந்தாராம்.

"என்ன வாசனை?" என்றேன்.

"பர்னேஸ் ஆயிலும் நான் போட்ட தரை பாலிஷும்" என்றார்.

சிரித்துவிட்டேன். அந்தம்மா இத்தனை வருஷமாக ஏங்குவது இவர் முழங்காலில் நின்று தேய்த்த பாலிஷுக்கு. அதை அவரிடம் எழுதிச் சொன்னீர்களா என்று கேட்டேன். எதற்கு என்றார். சரிதான். அந்தம்மாவும் கப்பலில் உட்கார்ந்திருந்திருக்கிறார், அத்தையின் அம்மாவைப் போல. இவர்தான் உட்காரவில்லை. அப்படியானால் இவர் எதற்கு ஏங்குகிறார் என்பதைக் கேட்க வாய் வந்தது. குக்கர் விசில் அடித்தது, போய்விட்டேன்.

நவம்பர் 26, புதன்

குக்கரை எந்த லாக்கரில் வைத்தாய் என்று அத்தை இவரிடம் விசாரிக்கிறார். கப்பலில் குக்கர் வைக்கக் கூடாது என்பது சட்டமாம், அதனால் தொப்பிப் பெட்டியில் ஒளித்து வைத்திருந்தாராம். இந்த மனிதர் எனக்கு இன்னும் என்னென்ன சொல்லவில்லையோ.

நவம்பர் 28, வெள்ளி

காலையிலிருந்து காய்ச்சல், 101. சிறுநீர் கலங்கலாகப் போகிறது. போனில் சொன்னதும் கோவைக்குக் கூட்டி வந்துவிடுங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ் அரவேணு தாண்டிவிட்டதாம். பையில் பழைய எக்ஸ்ரே, ஆதார், காப்பீட்டு அட்டை, பிளாஸ்க், இரண்டு விரிப்பு.

குன்னூர் ரோடா, கோத்தகிரி ரோடா என்று அத்தை கேட்டார். கோத்தகிரி ரோடுதான், திறந்துவிட்டார்கள் என்றேன். "வளைவுல வாந்தி வரும், பிளாஸ்டிக் பை எடுத்துக்க. ராஜுலாவுல நான் ஒரு தடவகூட எடுக்கல" என்றார். இவர் பையைத் தேடப் போயிருக்கிறார்.