விலாசம் தெரியாமல் எழுதுவது

காரைக்குடியில் நெடுங்காலம் பொது மருத்துவம் பார்த்தவன் நான். மாலை நேர கிளினிக்கை மூடிவிட்டு எழுத உட்கார்ந்தேன். முதல் கட்டுரைகள் கேஸ் ஷீட் போலவே வந்தன: வயது, எத்தனை நாள் காய்ச்சல், என்ன மருந்து. நோய் இருந்தது, ஆளைக் காணோம். நோயாளிகள் சொன்னதைச் சொன்னபடியே எழுதத் தொடங்கியதும் அது சரியாகிவிட்டது. பெரும்பாடு அதற்குப் பிறகுதான்.

நோயாளியின் அந்தரங்கத்தை வெளியிடக் கூடாது என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளே சொல்கின்றன. பெயரை மாற்றினால் போதும் என்பார்கள். செட்டிநாட்டில் அது செல்லாது. இங்கே நகரத்தார் குடும்பத்துக்கு விலாசம் உண்டு; முகவரி அல்ல, முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள். மூன்று நான்கு எழுத்தைச் சொன்னால், ஐயா, அதாவது தாத்தா, ரங்கூனில் எங்கே வட்டிக்கடை வைத்திருந்தார் என்பது வரை விரித்துவிடுவார்கள். நகரத்தார் ஒன்பது கோயில்களாகப் பிரிந்தவர்கள்; அதில் எந்தக் கோயில் என்பது அடுத்த கேள்வி. ஒன்றும் சொல்லாமல் 'மகன் மலேசியாவில், இரண்டாம் கட்டில் ஆச்சி தனியாக' என்று எழுதினாலும் தேவகோட்டையில் ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். பெரும்பாலும் தவறாக. அது இன்னும் மோசம்.

மருத்துவ உண்மையைத் தொடாமல் மற்றதைக் கலைப்பதே நான் கண்ட வழி. காசநோய்க்கு மாத்திரை தொடங்கிய ஒரு பெண், சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டார். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் அப்படித்தான் போகும், தீங்கில்லை. ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்து; இடையில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகக்கூடும். வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்ததால் அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இதில் மாத்திரையையும் நிறத்தையும் மாற்றினால் படிப்பவருக்குத் தவறான செய்தி போகும். கல்யாணப் பேச்சை எடுத்தால் அவர் ஏன் மறைத்தார் என்பதே புரியாது. ஊர், வயது, தொழில், யாருக்குக் கல்யாணம் என்பதை மட்டும் மாற்றினேன்.

அப்படியும் உயிரோடு இருப்பவர்களைப் பற்றியதை அவர்களிடமே வாசித்துக் காட்டினேன். சர்க்கரை நோய் உள்ள ஓர் ஆச்சி கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரிதான் டாக்டர் தம்பி. கும்மாயத்துக்கு நான் வெல்லம் போடவில்லை, கருப்பட்டிதான். அதை மட்டும் திருத்திவிடுங்கள்." கும்மாயம் எங்கள் பக்கத்து உளுந்து இனிப்பு. கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றும் என்று அவரிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்தவன் நான். திருத்திவிட்டேன்.

இன்னொருவர் வேண்டாம் என்றார். எழுதியதில் அதுதான் நன்றாக வந்திருந்தது, எடுத்துவிட்டேன்.

இறந்தவர்களைப் பற்றி யாரிடம் கேட்பது, மகனிடமா, பங்காளிகளிடமா? அந்தக் கட்டுரைகளைப் பதிப்பாசிரியரிடம் இன்னும் கொடுக்கவில்லை.