கேரட் குறி

மார்ச் 8, 1999, திங்கள்

மோடம் வழியாகச் சர்வரில் நுழையப் புதிய கடவுச்சொல் வந்துவிட்டது. அசலை எங்கும் எழுதக்கூடாது. மாதிரிக்கு @7^4$7 என்று வைத்துக்கொள்வோம். ஆறே குறிகள், அதில் @, ^ (கேரட்), $ மூன்றும் வில்லங்கம்.

முதலில் $. பிபிபிடி (மோடம் இணைப்பை நடத்தும் நிரல்)-யின் கனெக்ட் வரியிலேயே சாட் (சர்வர் கேட்பதற்குப் பதில் அனுப்பும் சிறு நிரல்) கட்டளையை எழுதினால் அது ஷெல் (கட்டளைகளை வாசித்து இயக்கும் நிரல்) வழியாகத்தான் போகும். இரட்டை மேற்கோளுக்குள் $7 இருந்தால் ஷெல் அதை மாறியாக எடுத்து, மதிப்பு ஒன்றும் இல்லாததால் காலியாக்கிவிடும். அதோடு, ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பி.எஸ். கட்டளையை யார் அடித்தாலும் கடவுச்சொல் கண்ணில் படும். ஸ்கிரிப்ட்டைத் தனிக் கோப்பில் போட்டு, அனுமதி 600 (உரிமையாளர் மட்டுமே படிக்க, எழுத) வைத்து, சாட்டுக்கு -எஃப் (-f, கோப்பிலிருந்து படி) கொடுப்பதே சரி. கூடவே -ஈ (பெரிய எழுத்து -E) கொடுக்கக்கூடாது. கொடுத்தால் சாட்டே $-ஐ மாறியாகப் படிக்கும்.

மார்ச் 9

$ தீர்ந்தது. ^ தீரவில்லை.

மார்ச் 10

இந்த ^ படுத்தும் பாடு! சாட்டுக்கு அது கன்ட்ரோல் எழுத்தின் அடையாளம். 4-இன் ஆஸ்கி மதிப்பு (கணினியில் அந்த எழுத்துக்கான எண்) 52. கீழ் ஐந்து பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு 20 ஆக்கி, கன்ட்ரோல்-டி (T) ஆக அனுப்பிவிடுகிறது. மோடம் இணைகிறது, பெயர் போகிறது, அப்புறம் ‘தவறான லாகின்’. பிழைச் செய்தி வேறு எதுவும் வராது.

முதலில் நிற்கும் @ இன்னொரு கதை. மீதியைக் கோப்பின் பெயராக எண்ணி, அனுப்ப வேண்டியதை அதிலிருந்து படிக்கப் பார்க்கும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து எண்மக் குறியீடு (எழுத்தின் எண்ணை எட்டின் அடியில் எழுதுவது). @ என்றால் \100, ^ என்றால் \136, $ என்றால் \044. முழுச் சொல்: \1007\1364\0447. மூன்று இலக்கமும் கட்டாயம். \44 என்று சுருக்கினால் அடுத்து வரும் 7-ஐயும் விழுங்கி \447 ஆகிவிடும். கடவுச்சொல்லுக்குள்ளேயே பின்சாய்கோடு இருந்தால் இரண்டாகப் போட வேண்டும்.

மார்ச் 11

இணைந்தது. ஆனால் நடப்பதையெல்லாம் பதியச் சொல்லும் -வி போட்டிருந்ததால் கடவுச்சொல் சிஸ்லாக்கில் (கணினியின் பதிவேடு) அப்படியே கிடக்கிறது. சொல்லுக்கு முன்னால் பின்சாய்கோடும் சிறிய க்யூவும் சேர்த்தால் லாகில் வெறும் கேள்விக்குறிகள்தான் விழும். பழைய வரிகளைக் கையால் அழிக்க வேண்டும்.

சர்வரிடமிருந்து சாட் எதிர்பார்க்கும் சொல்லில் சிறு கோடும் ஆபத்துதான்: அது வராவிட்டால் எதை அனுப்புவது என்பதைப் பிரிக்கும் குறி அது. சர்வர் பெயரில் கோடு இருந்தால் பெயரை விட்டுவிட்டு, ‘லாகின்:’ என்பதன் வால்பகுதிக்கு மட்டும் காத்திருந்தால் போதும். முதல் எழுத்து சிதைந்து வந்தாலும் பொருந்தும்.

மார்ச் 12

பக்கத்து மேசை விண்டோஸ் 98. அங்கேயும் ^! அதன் டயல்-அப் ஸ்கிரிப்ட்டில், எழுத்துகளை அனுப்பும் டிரான்ஸ்மிட் கட்டளையில் கடவுச்சொல் மாறிக்குப் பின் கமா போட்டு ‘ரா’ (raw, உள்ளபடியே) என்று சேர்த்தால் அது ^-ஐத் தொடாது. என்டர் விசைக்கான ^எம் மட்டும் தனி வரியில், ‘ரா’ இல்லாமல் போக வேண்டும். ஒரே வரியில் இரண்டையும் திணிக்க முடியாது.

மார்ச் 13

அடுத்த வாரம் முதல் பாப் (PAP) முறையாம், பெயரையும் கடவுச்சொல்லையும் பிபிபிடியே அனுப்பிவிடும். ஸ்கிரிப்ட்டில் கடவுச்சொல்லே இருக்காது, எல்லாம் பாப்-சீக்ரெட்ஸ் கோப்புக்குப் போகும். அங்கே ^ வெறும் எழுத்து. # இருந்தால் தொல்லை, மேற்கோளுக்குள் வைக்க வேண்டும்.

மார்ச் 15

கடவுச்சொல்லை மறுபடி மாற்றியிருக்கிறார்கள். இதில் ^ இரண்டு.