கேட்பதற்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும்

பழங்குடி மக்களுக்கென்று ஒரு திட்டம் நீலகிரிக்கு வரும்போது, எத்தனை கோடி ஒதுக்கப்பட்டது என்பதே முதலில் செய்தியாகிறது. அந்தப் பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்று அவர்களிடம் யார், எப்போது, எந்த மொழியில் கேட்டார்கள் என்பது செய்தியாவதே இல்லை. கூடலூர், பந்தலூர் பகுதிகளில் சிறிய தொண்டு அமைப்புகளுக்கு நிதி விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்து வருகிறேன். அப்படிக் கேட்பதற்கு ஆகும் செலவும் திட்ட மதிப்பீட்டில் தனியாக இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக வகைப்படுத்தப்பட்டுள்ள தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகத்தினரும் இம்மாவட்டத்தில் வாழ்கிறார்கள். நாடெங்கும் உள்ள இத்தகைய 75 சமூகங்களுக்காக 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட, ஒன்றிய அரசின் பி.எம். ஜன்மன் திட்டத்தின் மதிப்பு சுமார் 24,104 கோடி ரூபாய். வீடு ஒன்றுக்கு 2.39 லட்சம், சாலை கிலோமீட்டருக்கு ஒரு கோடி, பல்நோக்கு மையத்துக்கு 60 லட்சம் என்று அதில் கணக்கிடப்பட்டது. தலைமுறைகளாக ஒழுகும் கூரையின் கீழ் இருந்தவர்களுக்கு இது மிகவும் தேவையான பணம். ஆனால் எதைக் கட்டுவது, எவ்வளவில் கட்டுவது என்பதெல்லாம் முன்பே முடிவாகிவிட்டால், ஊர்க்கூட்டத்தில் பேசுவதற்குப் பயனாளிகள் பட்டியலைத் தவிர என்ன மிஞ்சும்?

அந்தக் கூட்டங்கள் நடக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். நிதியாண்டு மார்ச்சில் முடிவதால் சனவரி, பிப்ரவரியில் அவசர அவசரமாகக் கூட்டம் போடுகிறார்கள். அது காப்பிப் பழம் பறிக்கும் காலம். காலை பதினொரு மணிக் கூட்டத்துக்கு வரும் பணியர் பெண் அன்றைய கூலியை இழந்துதான் வருகிறார். மாலையில் வைத்தால் திரும்பும் வழியில் யானைக்கு அஞ்ச வேண்டும். அப்படியொரு கூட்டத்தில், பின்வரிசையில் நின்ற ஒரு மூதாட்டி தம் மொழியில் ஏதோ கேட்க, பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவி தமிழில் எடுத்துச் சொன்னாள்: "கக்கூஸ் கட்டித் தர்றீங்க சரி, தண்ணி எங்கேர்ந்து வரும்னு பாட்டி கேக்குறாங்க சார்." அந்த ஊருக்குத் தண்ணீர் கீழே ஓடையிலிருந்துதான் சுமந்து வர வேண்டும். பதிவேட்டில் வந்தவர்களின் கையெழுத்தும் கைநாட்டும் ஏறின. அந்தக் கேள்வி ஏறவில்லை.

வன உரிமைச் சட்ட விதிகள் கிராம சபைக்குப் பாதி உறுப்பினர்களாவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்கின்றன. நல்ல விதி. ஆனால் அவர்களை வரவழைக்கும் செலவு யாருடையது? இழந்த கூலிக்கு ஈடு, மதிய உணவு, அவர்கள் மொழி தெரிந்த ஒருவருக்குச் சம்பளம் ஆகியவற்றை விண்ணப்பத்தில் காட்டினால், "நிர்வாகச் செலவு அதிகம்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். 2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு நிர்வாகச் செலவின் வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது; பெரிய நிறுவனங்கள் தாம் பெற்ற வெளிநாட்டு நிதியைச் சிறிய அமைப்புகளோடு பகிர்வதும் தடைபட்டது. ஊர் ஊராக நடந்து பேசிப் பழகியவை பெரும்பாலும் இந்தச் சிறிய அமைப்புகளே.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களின் குடும்பங்களும் இதே மலையில், அரசுத் தேயிலைத் தோட்டங்களை ஒட்டி, பழங்குடியினருக்கு அண்டை வீட்டாராக இருக்கிறார்கள். பலருக்கு இன்னும் சொந்தமாக மனை இல்லை. கூடலூரில் ஜன்மம் எனப்படும் பழைய பரம்பரை நில உடைமை முறையால் வந்த சிக்கலில் பட்டா கிடைக்காத துயரம் இரு தரப்புக்கும் பொது. ஒரு சமூகத்துக்கான நிதியில் ஒரு தெருவுக்கு மட்டும் குழாய் போட்டு அடுத்த தெருவை விட்டால், இணைப்புக்காக வந்த பணமே அண்டை அயலாரைப் பிரித்துவிடும். பழங்குடியினருக்கான ஒதுக்கீட்டில் ஒரு பைசாவும் குறையாமல், பொதுக் குழாய்க்கு ஊராட்சி நிதியையும் சேர்த்துக்கொள்ள வழியுண்டு. அதற்கு இரு தெருவினரும் முன்கூட்டியே ஒன்றாக உட்கார வேண்டும்.

ஆகவே நிதி தருவோரிடம் நான் கேட்பது இதுதான்: முதல் தவணையைக் கட்டுமானத்துக்குக் கொடுக்காதீர்கள். பறிப்பு முடிந்து மழை தொடங்கும் முன் உள்ள மாதங்களில், தேனெடுக்கக் காட்டுக்குள் போகிறவர்களின் நாட்களையும் கேட்டறிந்து, ஊரிலேயே உட்கார்ந்து பேசுவதற்கு அதைக் கொடுங்கள். மதிப்பீட்டை அதன் பிறகு எழுதலாம்.